இருநூற்றுப் பதினாலின் புதன்கிழமைகள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
4.9.2025

அன்புள்ள பொன்மணி சித்திக்கு,

சத்யப்பிரியா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மழைக்கு முன்னால் வந்த முழங்கால் வலி மழையோடு போய்விட்டது. உனக்கு இருமல் நின்றதா? பேண்டேஜ் துணி மடிக்கும்போது முகத்துக்குத் துணி கட்டிக்கொள்கிறாயா, இல்லை வழக்கம்போல் கழுத்தில்தான் தொங்குகிறதா?

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று சிரிக்காதே. பதினைந்து நிமிஷ பஸ் தூரத்தில் இருக்கிறாய், ஆனால் உன் போனுக்கு அடித்தால் சித்தப்பாதான் எடுக்கிறார். யார், எதற்கு, எவ்வளவு நேரம் என்று அவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. வாட்ஸ்அப்பில் போட்டால் 'ஓகே மா' என்று பதில் வருகிறது. நீ என்றைக்கு 'ஓகே மா' என்று பேசியிருக்கிறாய்? அதனால்தான் உன் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன்.

எனக்கு ஒரு தலைவலி. கடைசி வருஷம் ஆரம்பித்துவிட்டது. டிசம்பரில் ஆள் எடுக்கக் கம்பெனிகள் வருகின்றன. மார்க் மட்டும் போதாதாம். நாமே முழுக்கக் கட்டிய ஒரு வெப்சைட்டைக் காட்ட வேண்டுமாம். ஃபுல்ஸ்டாக் பிராஜெக்ட் என்று பெயர். கடையின் முகப்பு, உள்ளே கணக்குப் பார்க்கிற ஆள், பின்னால் சரக்கு அறை, மூன்றையும் ஒருத்தியே கட்டுவது மாதிரி. என் வகுப்பில் பாதிப் பேர் துணிக்கடை செய்கிறார்கள், மீதிப் பேர் செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்துவைக்கும் பக்கம் செய்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

அப்பாவுக்கு ஒரே பிடிவாதம். நம் பால்கோவாக் கடைக்குத்தான் செய்ய வேண்டுமாம், அமெரிக்காவிலிருந்து ஆர்டர் வருமாம். ஏற்கெனவே ஊரில் பத்துக் கடைக்கு அது இருக்கிறது. கிண்டிய பால்கோவாவையே திரும்பக் கிண்டச் சொல்கிறார். டிசம்பரில் வேலை கிடைக்காவிட்டால் மே மாதம் மாப்பிள்ளை பார்ப்பதாகவும் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்வார் என்பது உனக்குத் தெரியும்.

உண்மையில் யாருக்காவது உபயோகப்படுகிற மாதிரி உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. கல்லூரி முகவரிக்கே போடு.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
சத்யா


இராஜபாளையம்
17.9.2025

அன்பு மகள் சத்யாவுக்கு,

சித்தி சுகம். இருமல் இருக்கிறது, அதுவும் சுகமாகத்தான் இருக்கிறது. உன் கடிதத்தை வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுத்தபோது செக்‌ஷன் மொத்தமும் எழுந்து நின்று பார்த்தது. பாண்டிசெல்விதான் யாரிடமிருந்து என்று கேட்டு, மகள் என்றதும் உட்கார்ந்தாள். என் போன் டிஸ்ப்ளே உடைந்திருக்கிறது. அதனால்தான் அவரிடம் இருக்கிறது. கடிதமே நல்லது. தொடர்ந்து எழுது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் அறுபத்துச் சொச்சம் பெண்கள். ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி அவள் ஷிப்டைப் பார்க்க வேண்டும். அதற்கு சூப்பர்வைசரிடம் போய் நிற்க வேண்டும். அவருக்குப் பிடித்தால் மாற்றித் தருவார். பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்பார். பிடிக்க வைப்பதற்கு அவர் சொல்கிற ஜோக்குக்கெல்லாம் சிரிக்க வேண்டும். போன மாசம் பரிபூரணம் சிரிக்கவில்லை. அம்மாவின் திவசத்துக்குப் போக முடியாமல் மூக்கைச் சிந்திக்கொண்டே பேண்டேஜ் சுற்றினாள். நாங்களே எங்களுக்குள் பேசி மாற்றிக்கொள்கிற மாதிரி ஒன்றை நீ செய்தால், அவர் முன்னால் போய் இளிக்க வேண்டியதில்லை. மேனேஜர் நல்ல மாதிரி. ஆள் குறையாமல் வேலை நடந்தால் போதும் என்பார்.

இங்கே பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள், டோக்கன் எண்தான். நான் இருநூற்றுப் பதினாலு. வேலைக்குப் போட்டுக்கொள்ளும் கோட்டுப் பையின் மேல் சிவப்பு நூலில் தைத்திருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் யார் யாருக்குப் பதில் யார் வந்தார்கள் என்பதைப் பாண்டிசெல்வி சொல்லச் சொல்ல எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உண்மை விவரம் இருந்தால்தானே உனக்குச் சரியாக வரும். ஆனால் பெயர்களை மாற்றிவிடு. மறக்காமல் மாற்றிவிடு.

அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல். அத்தானிடம் கடிதம் பற்றிச் சொல்ல வேண்டாம்.

உன்மேல் பிரியமுள்ள,
சித்தி


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.10.2025

அன்புள்ள சித்திக்கு,

அம்மா உனக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். யாரிடம் கொடுத்தனுப்புவது என்றுதான் தெரியவில்லை.

உன் யோசனையை எங்கள் சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். வழக்கமாக அவர் கண்ணாடியைக் கழற்றுவது தூங்குவதற்கு. மூன்று வாரமாகச் சோறு தண்ணீர் மறந்து கட்டிக்கொண்டிருக்கிறேன். தனக்கு லீவு வேண்டிய நாளை ஒருத்தி போட்டால், அந்த நாள் சும்மா இருக்கிறவர்களுக்குத் தெரியும். யார் முதலில் சரி என்கிறாளோ அவளுக்கு அந்த ஷிப்ட். சூப்பர்வைசருக்கு முடிவு மட்டும் போகும். அவர் ஜோக்கை அவரே வைத்துக்கொள்ளலாம்.

பெயர்களை மாற்றிவிட்டேன். எல்லோருக்கும் பூப் பெயர். பரிபூரணம் அக்கா மகிழம்பூ, பாண்டிசெல்வி அக்கா கனகாம்பரம், நீ தாழம்பூ. டேட்டாபேஸில் ஒவ்வொரு ஆளுக்கும் திரும்ப வராத ஓர் அடையாளம் வேண்டும். பெயர் அதற்கு உதவாது, உங்கள் செக்‌ஷனிலேயே மூன்று மாரியாத்தாள் இருக்கிறார்கள். டோக்கன் எண் கச்சிதமாகப் பொருந்தியது. மொத்தமும் அதன்மேல்தான் நிற்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். விவரங்களை ஏற்றும்போதுதான் கவனித்தேன். ஆகஸ்ட் நடுவிலிருந்து ஒரு புதன்கிழமை தவறாமல் உனக்குப் பதில் பாண்டிசெல்வி அக்கா வந்திருக்கிறார், அவருடைய ஞாயிற்றுக்கிழமையை நீ பார்த்திருக்கிறாய். சித்தி சினிமாவுக்குப் போகிறாள் என்று சிரித்துக்கொண்டேன். நேற்று லேப் சீக்கிரம் முடிந்து டவுன் பஸ்ஸில் வந்தேன். கோர்ட் வாசலில் உன்னைப் பார்த்தேன். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நின்றாய். இறங்கி ஓடி வரலாம் என்று எழுந்தேன், நீ நின்ற விதத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் சொல்லவில்லை. என்ன சித்தி நடக்கிறது?

கவலையுடன்,
சத்யா


இராஜபாளையம்
18.10.2025

அன்பு சத்யாவுக்கு,

தீபாவளிக்கு உன் வீட்டுக்கு வருவதாக இல்லை. நீ நல்ல சட்டையாக எடுத்துக்கொள். போன வருஷம் எடுத்த அந்தப் பச்சை உனக்குக் கொஞ்சமும் எடுபடவில்லை.

பார்த்துவிட்டாய், இனி மறைத்து என்ன ஆகப் போகிறது. போன் டிஸ்ப்ளே உடையவில்லை. உன் சித்தப்பா தங்கப்பாண்டியன் அதை வாங்கி வைத்திருக்கிறார். கல்யாணமான இரண்டாம் வருஷத்திலிருந்து கை நீட்டுகிறார். முதலில் குடித்தால், பிறகு குடிக்காமலும். போன தைப்பூசத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேனே, திருவிழாவுக்கு வந்ததாக நீ நினைத்தாய். நான் திரும்பிப் போகக் கூடாது என்று வந்தேன். அத்தான் மாப்பிள்ளையை வரவழைத்து, இரண்டு பேருக்கும் பொதுவாகப் புத்தி சொல்லி, பால்கோவா டப்பாவோடு என்னை அதே சாயங்காலம் வேனில் ஏற்றிவிட்டார். அக்கா டப்பாவை என் மடியில் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு இராத்திரி என்ன நடந்தது என்பதை உனக்கு எழுத மாட்டேன்.

கோர்ட்டுக்குப் பின்னால் ஹெப்சிபா என்று ஒரு வக்கீல் இருக்கிறார். புதன்கிழமைதான் அவருக்கு நேரம். மனுவுக்கு வேண்டியதை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். நவம்பர் நடுவில் போட்டுவிடலாம் என்கிறார். வெளியே தங்குவதற்கும் ஓர் இடம் பார்க்கிறார். அதுவரை உன் சித்தப்பாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் வேலையும் நிற்கும், நானும் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. அவ்வளவுதான் விஷயம். அத்தானுக்கும் தெரியக் கூடாது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் என்னைத் திருப்பி அனுப்புவதுதான் நல்லது என்று மனசார நம்புகிறார், அதுதான் பயமாக இருக்கிறது.

படித்ததும் இதைக் கிழித்துவிடு.

உன்,
சித்தி


ஸ்ரீவில்லிபுத்தூர்
3.11.2025

அன்புள்ள சித்திக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அப்பாவோடு சாப்பிட உட்கார முடியவில்லை. பசியில்லை என்கிறேன். அம்மா என் முகத்தையே பார்க்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை, சத்தியம். கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

உனக்குக் கொஞ்சமாவது சந்தோஷம் தருகிற ஒரு செய்தி. பிராஜெக்ட் முடிந்தது. வெள்ளிக்கிழமை சார் மதிப்பெண் போட்டார், வகுப்பிலேயே அதிகம் எனக்குத்தான். பொய் விவரத்தைப் போட்டுச் செய்திருந்தால் இப்படி வந்திருக்காது, நிஜமான இடத்தின் நிஜமான சிக்கல் தெரிகிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கம்பெனிக்காரர்கள் எந்த நேரமும் திறந்து பார்க்கிற மாதிரி இணையத்திலும் ஏற்றியாயிற்று. லாகின் கேட்டால் பாதிப் பேர் பார்க்காமலே போய்விடுவார்களாம். அதனால் ஷிப்ட் பட்டியல் இருக்கிற முதல் பக்கத்தை மட்டும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பால்கோவாவை மறந்தே போனார். நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிங்கைப் போட்டு, நம்ம பொன்மணி வேலை பார்க்கும் கம்பெனிக்கு என் மகள் செய்தது என்று எழுதினார். பெரியப்பா வீட்டிலிருந்து சென்னை அத்தை வரை எல்லோரும் பாராட்டினார்கள். சித்தப்பாவும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் பக்கத்தைத் திரும்பத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். ஒருத்தர் பெயரும் இல்லை, எல்லாம் பூ. 214 தாழம்பூ, 187 கனகாம்பரம். அதைப் பார்த்து யாருக்கு என்ன தெரியப்போகிறது? பயப்படாதே.

மனு போடும் நாளை எழுது. நான் உன்னோடு வருகிறேன்.

பெருமையோடும் பிரியத்தோடும்,
சத்யா


இராஜபாளையம்
6.11.2025

சத்யப்பிரியாவுக்கு பாண்டிசெல்வி எழுதுவது.

நலம் விசாரிக்க எனக்கு மனசில்லை. இதைப் படித்த உடனே நீ செய்திருக்கிற அந்தப் பக்கத்தை எடுத்துவிடு.

நேற்று புதன்கிழமை. காலையில் பத்து மணிக்குப் பொன்மணி வீட்டுக்காரர் கேட்டில் வந்து நின்றார். இருநூற்றுப் பதினாலைக் கூப்பிடு என்றார். வாட்ச்மேன் உள்ளே வேலையில் இருக்கிறாள் என்றிருக்கிறார். அவர் போனை நீட்டிக் காட்டியிருக்கிறார். அதில் உன் பக்கம். 214 புதன், பதில் 187. ஆகஸ்ட், செப்டம்பர் புதன்கிழமை எல்லாம் வரிசையாக இருந்தது. அந்த நம்பர் தைத்த கோட்டு வாரம் இரண்டு தடவை அவர் வீட்டுக் கொடியில் காய்கிறது. அவருக்குத் தெரியாதா?

என்னை வெளியே கூப்பிட்டார்கள். பொன்மணி இடத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான். "புதங்கெழம புதங்கெழம எங்க போறா? ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ல ஏறுனத ஒருத்தன் பாத்திருக்கான்" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அதற்கு மேல் நிற்காமல் பைக்கை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் திருப்பினார். நான் பரிபூரணம் போனை வாங்கி வக்கீலம்மாவுக்கு அடித்துச் சொல்லிவிட்டேன். பொன்மணி கட்டியிருந்த சேலையோடு எங்கோ போய்விட்டாள். உயிரோடு இருக்கிறாள் என்று மட்டும் வக்கீலம்மா சொல்கிறார்.

இங்கே சூப்பர்வைசர் இனி யாரும் ஷிப்ட் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார். செக்‌ஷனே என்மேல் எரிச்சலில் இருக்கிறது.

பேர மாத்துன, நம்பர மாத்தலியே தாயி. இம்புட்டுப் படிச்சும் அது தோணலியா?

அவளுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் எனக்கு எழுது. சேர்க்க முடிந்தால் சேர்க்கிறேன்.

பாண்டிசெல்வி


24.11.2025

அன்பு சத்யாவுக்கு,

நான் சுகம். எந்த ஊர் என்று எழுதவில்லை, கேட்காதே. ஹெப்சிபா அக்கா அலுவலகத்துக்கு எழுதினால் எனக்கு வந்துவிடும். பாண்டிசெல்வியிடம் நீ கொடுத்த கடிதம் வந்து பல நாள் ஆகிறது. பதில் எழுதக் கையே வரவில்லை.

உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அது 'ஓகே மா' மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு வக்கீல் அலுவலக மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உன் சித்தப்பா டீக்கடை டீக்கடையாக ஏறி இறங்கி என்னை விசாரித்தார். சிரித்த முகமாகத்தான் விசாரித்தார். அவர் வெளியாட்களிடம் அப்படித்தான் பேசுவார். அப்போது உன்னை நினைத்து வாய்விட்டுத் திட்டினேன். பின்வாசல் வழியாக வந்து பஸ் ஏறின பிறகும் திட்டினேன். என் சான்றிதழ், அம்மா போட்ட தோடு, குளிருக்குப் போர்வை எல்லாம் அந்த வீட்டில் கிடக்கிறது. இன்னும் இரண்டு வாரம் இருந்திருந்தால் ஒவ்வொன்றாக எடுத்து வந்திருப்பேன்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை என்பதும் தெரியும். உனக்கு அது எண், எங்களுக்கு அதுதான் பெயர் என்பதை நானாவது சொல்லியிருக்க வேண்டும். சரி. மனுவைப் போட்டாயிற்று. அவருக்கு நோட்டீஸ் போகும். ஜனவரியில் கூப்பிடுவார்கள். அதுவரைக்கும் நான் இருக்கிற இடம் அவருக்குத் தெரியாமல் இருந்தால் போதும்.

பிராஜெக்டை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டாய் என்று பாண்டிசெல்வி எழுதினாள். அது வேண்டாத ரோஷம். பரிபூரணம் மறுபடி சூப்பர்வைசர் முன்னால் நின்றுகொண்டிருக்கிறாள். சரியாகத் திரும்பச் செய். டிசம்பரில் உனக்கு வேலை கிடைக்காமல் போய் அத்தான் உனக்கும் ஒரு வேனைப் பிடிப்பதை நான் பார்க்க விரும்பவில்லை.

சித்தி


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.12.2025

அன்புள்ள சித்திக்கு,

நீ திட்டி எழுதியதைப் படித்ததும் நன்றாக அழுதேன். அதற்குப் பிறகுதான் சாப்பிட முடிந்தது.

திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன். இந்தத் தடவை டோக்கன் எண் எங்கேயும் கிடையாது. ஆளுக்கு ஓர் அர்த்தமில்லாத நீளமான அடையாளத்தைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும், அது வெளியே தெரியாது. லாகின் இல்லாமல் ஒரு வரி தெரியாது. அவரவர் ஷிப்ட் அவரவருக்கு மட்டும், பழையது அன்றன்றைக்கே அழியும். காட்டுவதற்கு வைத்த விவரங்கள் எல்லாம் நானே கற்பனையாகப் போட்டவை. சாருக்கு இது பிடிக்கவில்லை. பகட்டாக இல்லை, பேசாமல் பால்கோவாக் கடையைச் செய்து அதைக் காட்டு என்கிறார். அப்பாவுக்காக அதையும் ஒரு பக்கம் முடித்துவிட்டேன். பார்க்க ஜோராக இருக்கிறது. எதைக் காட்டுவது என்று முடிவு செய்யவில்லை. 13ஆம் தேதி சனிக்கிழமை காலை நேர்முகம்.

வீட்டு நிலைமை நன்றாக இல்லை. நோட்டீஸ் வந்ததிலிருந்து சித்தப்பா தினமும் கடைக்கு வருகிறார். அப்பாவைச் சகலை சகலை என்று கூப்பிட்டுக் கண் கலங்குகிறார். பொன்மணி வந்து நேரில் பேசினால் போதும், காலில் கூட விழுவேன் என்கிறார். அப்பா உருகிப்போகிறார். உன் பக்கத்தால்தானே குடும்பம் உடைந்தது, நீதான் ஒட்ட வைக்க வேண்டும் என்று இராத்திரி சாப்பிடும்போதெல்லாம் என்னிடம் சொல்கிறார். உன் இடம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறார். நல்லவேளை நீ எழுதவில்லை. அம்மா வழக்கம்போல் எதுவும் பேசுவதில்லை. எனக்கு அவள்மேலும் கோபமாக வருகிறது.

பத்திரமாக இரு சித்தி.

சத்யா


ஸ்ரீவில்லிபுத்தூர்
10.12.2025

அன்புள்ள சித்தி அவர்களுக்கு,

சத்யப்பிரியா எழுதிக்கொண்டது. தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். இங்கே அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நெஞ்சுவலி. டாக்டர் படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். உங்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். வருகிற சனிக்கிழமை காலை அவசியம் வீட்டுக்கு வரவும். வேறு யாரும் இருக்க மாட்டார்கள். வக்கீலிடம் சொல்ல வேண்டியதில்லை. அப்பா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
சத்யப்பிரியா


ஸ்ரீவில்லிபுத்தூர்
11.12.2025

சித்தி,

வராதே. நேற்று நான் எழுதியது பொய். அம்மாவுக்கு ஒன்றுமில்லை. சனிக்கிழமை காலை சித்தப்பா எங்கள் வீட்டில் இருப்பார், வேனும் நிற்கும்.

அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். முதலில் முடியாது என்றேன். "இத எழுதலன்னா சனிக்கெழம நீ எங்கயும் போக வேண்டாம். வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்" என்றார். காலேஜ் ஐடியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் கையெழுத்தைப் பார்த்தால் நீ நம்புவாய் என்று அவருக்குத் தெரியும். எழுதிவிட்டேன் சித்தி. வேலைக்காக எழுதினேன். கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடிதத்தை அவரே கொண்டுபோய் வக்கீல் அலுவலகத்தில் கொடுத்தார். அம்மா அதே அறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தனக்கு நெஞ்சுவலி என்று எழுதுவதைக் கேட்டுக்கொண்டே உரித்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

இன்றைக்குக் கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஹெப்சிபா மேடம் அலுவலகத்துக்கு வந்திருக்கிறேன். அவர் நாகர்கோவிலில் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். ஜூனியர் வரதராஜ் சார்தான் இருக்கிறார். நேற்றே அந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பும் கவருக்குள் வைத்து மேடத்திடம் கொடுத்துவிட்டாராம், அவர் போகிற வழியில் தபாலில் சேர்த்திருப்பாராம். உன் முகவரி மேடத்தைத் தவிர யாருக்கும் தெரியாதாம். மேடம் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. சார் திரும்பத் திரும்ப முயற்சி செய்வதாகச் சொல்கிறார். இதை அவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். உனக்கு எப்போது வரும் என்று தெரியாது.

அதனால் சனிக்கிழமை நான் நேர்முகத்துக்குப் போகவில்லை. விடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நீ இறங்கினால் திருப்பி அனுப்புவேன். வேலை போனால் போகட்டும். அந்த வேலையைக் காட்டித்தானே என்னை எழுத வைத்தார்.

இது உன் கைக்குச் சனிக்கிழமைக்குப் பிறகு கிடைத்தாலும், அன்றைக்கு நான் பஸ் ஸ்டாண்டில் நிற்காமல் போனேன் என்று மட்டும் இருக்கக் கூடாது.

சத்யா


17.12.2025

அன்பு மகள் சத்யாவுக்கு,

நாங்கள் சுகம். 'நாங்கள்' என்று ஏன் எழுதியிருக்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உன் முதல் கடிதம் வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. இரண்டாவது திங்கட்கிழமைதான் ஹெப்சிபா அக்கா கொண்டுவந்தார். முதல் கடிதத்தில் 'தாங்கள்' என்று எழுதியிருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நெஞ்சுவலி என்ற வார்த்தைக்குப் பிறகு நான் எதையும் படிக்கவில்லை. எனக்கு இருப்பது ஒரே அக்கா. சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வழி முழுவதும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே வந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் இறங்க நெருக்கிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒரு பொம்பளை எதிரே ஏறினாள். இறங்குகிறவர்கள் எல்லாம் திட்டினார்கள். கண்டக்டர் விசிலை ஊதினார். அவள் ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். என் சீட்டுக்கு வந்ததும் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். நெஞ்சுவலியில் படுத்திருக்க வேண்டிய என் அக்கா. விடிந்ததிலிருந்து வந்த பஸ்ஸில் எல்லாம் இப்படித்தான் ஏறி இறங்கியிருக்கிறாள். நான் எந்தப் பக்கத்திலிருந்து வருவேன் என்று தெரியாதாம், அதனால் ஒன்றையும் விடவில்லையாம்.

"ஏட்டி, எனக்கு ஒண்ணும் இல்ல. நீ வீட்டுக்கு வராத" என்றாள். போன தைப்பூசத்துக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

என்னை இழுத்துக்கொண்டுபோய் எதிர்ப்பக்கம் புறப்பட நின்ற பஸ்ஸில் ஏற்றினாள். ஏற்றிவிட்டு இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு டிக்கெட் கேட்டாள். போனை அடுப்படியிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். பஸ் ஊரைத் தாண்டியதும் அந்தப் பால்கோவா டப்பாவை என் மடியில் வைத்ததைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். நான் சமாதானம் சொல்லவில்லை. அவள் அழட்டும் என்று இருந்தேன். அது எனக்கு வேண்டியிருந்தது.

உன்னை அன்று காலையில் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கல்லூரி பஸ்ஸில் ஏற்றியதும் அவள்தானாமே. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன் என்று நீ அடம் பிடித்தாயாம். நீ போ, நான் நிற்கிறேன் என்று மட்டும் சொன்னாளாம். நீ நம்பாமல் ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாயாம். நான் உன் இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

வரதராஜ் திங்கட்கிழமையே நாங்கள் இருவரும் பத்திரம் என்று உனக்குச் சொல்லியிருப்பார். நீ அவரிடம் சொல்லியனுப்பிய செய்தியும் வந்தது. பால்கோவாவை விட்டுவிட்டு ஷிப்ட் பக்கத்தைத்தான் காட்டினாயாம். இத்தனை மூடி வைத்திருக்கிறாயே, உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார்களாம். அவரவருக்குத் தெரிந்தால் போதும் என்றாயாம். அடுத்த சுற்றுக்குச் சென்னைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கேட்டதும் அக்கா எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அத்தான் ஹெப்சிபா அக்காவின் அலுவலகத்துக்கு நேரில் வந்து மனைவியை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டாராம். அதற்குப் பதில் எழுதத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். நீ இதை அவரிடமே படித்துக் காட்டலாம். ஜனவரியில் கோர்ட்டுக்கு என்னோடு வருவது அக்கா. அதுவரை அவள் இங்கேதான் இருக்கிறாள். நானும் இரண்டு நாளாக ஊருக்குப் போ, வீடு என்ன ஆவது என்று சொல்லிப் பார்த்தேன். கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு சொல்கிறாள்:

"ஒடம்பு சரியில்லன்னு எழுதச் சொன்னது அவியதான. தேறட்டும், பொறவு வாரேன்னு எழுது."

அன்புடன்,
சித்தி